பூட்டும் மேசையும்

எமது ஊர்களில் நூல்நிலையம் என்ற சொல் ஊன்றுவதற்கு முன்னரே வாசிகசாலை என்ற சொல் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. நூல்நிலையம் நூல் இருக்கும் இடம். வாசிகசாலை வாசிப்பவர் இருக்கும் இடம். அரைச்சுவர் வைத்த சிறு மண்டபம், நடுவில் நீண்ட மேசை, இரு பக்கமும் வாங்குகள். ஒரே பத்திரிகை நான்கு தாள்களாகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும். எழுத்துத் தெரியாதவருக்காக ஒருவர் உரத்து வாசிப்பார். மற்றவர்கள் இடையில் புகுந்து அரசியல் பேசுவார்கள். சத்தம் அங்கே குற்றமல்ல. புத்தக அலுமாரி ஒன்று இருந்தால் அது சுவரோரம் நிற்கும். அதற்குப் பூட்டு இருக்கும். சாவி பெரும்பாலும் செயலாளர் வீட்டில் இருக்கும்.

அந்த மேசையைப் பற்றி இனிமையாகப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வாசிகசாலைகள் ஊர்வாரியாக எழுந்தன. ஊருக்குள்ளே சாதிவாரியாகவும் எழுந்தன. எந்த வாங்கில் யார் இருக்கலாம் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. ஆகவே பூட்டு அலுமாரியில் மாத்திரம் இருக்கவில்லை.

நூலகக் கட்டடங்களின் வரலாறு ஒரு வகையில் பூட்டின் வரலாறுதான். எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது, திறந்த இடத்தில் யாரை இருத்துவது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு காலமும் தன் பதிலைச் சுவராகவும் அலுமாரியாகவும் கதிரையாகவும் கட்டி வைத்திருக்கிறது. இந்தக் கேள்விகள் இன்று எமக்கு ஏன் வேண்டும் என்றால், நாம் வந்து சேர்ந்த நாடுகளின் நூலகங்கள் கடந்த கால் நூற்றாண்டில் அடியோடு மாறிவிட்டன. அதே காலத்தில் நாம் இங்கே தொடங்கிய தமிழ் நூலகங்கள் பெரும்பாலும் பூட்டிய அலுமாரிகளாகவே நின்றுவிட்டன.

பூட்டு எமது கண்டுபிடிப்பல்ல. ஐரோப்பாவில் நூல்கள் நீண்ட காலம் சங்கிலியில் கிடந்தன. இங்கிலாந்தின் ஹெரபோர்ட் தேவாலயத்தில் 17ஆம் நூற்றாண்டுச் சங்கிலி அலுமாரிகளை இன்றும் பார்க்கலாம். புத்தகத்தை எடுத்து, சங்கிலி எட்டும் தூரத்தில் இருக்கும் சாய்மேசையில் வைத்து வாசிக்க வேண்டும். கையால் எழுதிய நூல் ஒரு காணியின் விலை பெற்ற காலத்தில் இதில் நியாயம் இருந்தது. அச்சு வந்து, நூல் மலிந்து, பொது நூலகச் சட்டங்கள் வந்த பின்னும் பழக்கம் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியப் பொது நூலகங்களில் வாசகருக்கும் புத்தகத்துக்கும் நடுவே ஒரு நீண்ட தடுப்பு மேசை நின்றது. அதன் மேல் ஆயிரக்கணக்கான சிறு எண் கட்டைகள் அடுக்கிய பலகை ஒன்று இருந்தது. எந்த எண்ணுள்ள நூல் உள்ளே இருக்கிறது, எது வெளியே போய்விட்டது என்பதைக் கட்டையின் நிறம் காட்டும். வாசகர் எண்ணைச் சொன்னால் ஊழியர் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். தெரியாத ஒரு புத்தகத்தைத் தற்செயலாகக் கையிலெடுக்கும் வாய்ப்பு அங்கே இல்லை.

1894-இல் லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுண் என்ற நூலகர் அந்தத் தடுப்பை விலக்கினார். வாசகரே அலுமாரிக்கு இடையே நடந்து நூலை எடுக்கலாம் என்றார். ஆனால் உள்ளே போகவும் வெளியே வரவும் ஊழியரின் கண்முன் திறந்து மூடும் சிறு படலைகளை வைத்தார். நூல் களவு போகும், ஒழுங்கு குலையும் என்று மற்ற நூலகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு தலைமுறை கழியும்போது அந்த எதிர்ப்பு அடங்கிவிட்டது.

அதே காலத்தில் அமெரிக்கச் செல்வந்தர் அன்ட்ரூ கார்னெகி நூலகங்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். 1883-இல் அவர் பிறந்த ஸ்கொட்லாந்து ஊரான டன்ஃபேர்ம்லினில் முதலாவது திறக்கப்பட்டது. அவர் பணத்தில் உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மாத்திரம் 111. பணம் கேட்ட ஊர்கள் பல, படிக்கட்டிலும் தூணிலும் குவிமாடத்திலும் அதைக் கரைத்துவிட்டு, வாசகர் இருக்க இடமில்லாமல் நின்றன. அதைக் கண்டு சலித்த கார்னெகியின் செயலாளர் ஜேம்ஸ் பேட்ரம், 1911-இல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். முகப்புக்குச் செலவழிக்காமல் பயன்படும் தளத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மாதிரி வரைபடங்களும் அதில் இருந்தன. முகப்பா, உள்ளிடமா என்ற அந்தப் பழைய வழக்கு எமது வரலாற்றிலும் பின்னர் வந்து நிற்கும்.

இந்தக் காற்று தமிழ்நாட்டுக்கு ஒரு கணித ஆசிரியர் வழியாக வந்தது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்று, இங்கிலாந்தின் பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து சென்னையில் திறந்த அலுமாரி முறையை ஏற்படுத்தினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகவியலின் அடிப்படையாயின. நூல் இருப்பது பயன்படுவதற்கே என்ற கருத்திலிருந்து அவர் தொடங்குகிறார். அந்த ஒன்றிலிருந்தே நூலகம் ஊரின் எந்த மூலையில் இருக்க வேண்டும், எத்தனை மணிவரை திறந்திருக்க வேண்டும், அலுமாரியின் மேல்தட்டுக்குக் கை எட்ட வேண்டுமா, கதிரை எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக இறங்கி வருகிறார். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது அவரது கடைசி விதி. வளரும் உயிருக்குக் கட்டும் வீட்டில் நாளை இடித்து மாற்றக்கூடிய சுவர்கள் வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

யாழ்ப்பாணத்தில் கதை ஒரு வீட்டில் தொடங்கியது. க. மு. செல்லப்பா என்பவர் 1933-இல் தன் வீட்டில் வைத்துத் தன்னிடமிருந்த நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். நகருக்கு ஒரு மத்திய இலவசத் தமிழ் நூல்நிலையம் வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். 1934-இல் ஒரு குழு அமைந்தது. ஒற்றை அறையில் 844 நூல்களும் முப்பது வரையான பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் வைக்கப்பட்டன. அறை போதாமல் இடம் மாறி, பின்னர் நகரசபையின் பொறுப்புக்கு வந்தது. சாதிக்கொரு வாசிகசாலை என்றிருந்த குடாநாட்டில், சந்தா கட்டினால் எவரும் வரலாம் என்ற ஒரு பொது அறை எழுந்தது சிறிய விடயமல்ல. முகவரியைக் கேட்டாலும் எந்த வாங்கில் இருக்கிறாய் என்று கேட்காத இடம் அது.

நிரந்தரக் கட்டடத்துக்கான முயற்சி 1950களில் வேகம் பெற்றது. நகரின் முதல்வராயிருந்த சாம் சபாபதியும் சம்பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளாரும் அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர்கள். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. சென்னையின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தயாரித்தார். 1954-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1959-இல் நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா காலத்தில் அது திறக்கப்பட்டது. வெள்ளைச் சுவரும் நடுவில் குவிமாடமும் முன்றிலில் சரஸ்வதியும் எல்லோர் நினைவிலும் நிற்கின்றன. ஆனால் கட்டடம் அன்றோடு முடிந்துவிடவில்லை என்பதையே நாம் இங்கு கவனிக்க வேண்டும். 1967-இல் சிறுவர் பகுதி வந்தது. 1971-இல் கேட்போர் கூடம் வந்தது. பிள்ளைக்கு ஓர் இடம், பேச்சுக்கும் கேட்புக்கும் ஓர் இடம் என்று அது வளர்ந்துகொண்டிருந்தது. இன்று ஐரோப்பிய நகரங்கள் புதுமை என்று கொண்டாடும் இரண்டையும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிறிய மாநகர சபை தன் வரைபடத்தில் சேர்த்துவிட்டது.

1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் அது எரிக்கப்பட்டது. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. எரிந்த நூல்கள் 97,000 என்று கணக்கிடுகிறார்கள். எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். இவை எமக்குத் தெரிந்தவை, ஆண்டுதோறும் சொல்லப்படுபவை. நாம் குறைவாகப் பேசும் ஒன்று இருக்கிறது. எரிந்த அந்தப் பெருந்தொகை ஒரே வகைப்பட்டதல்ல. அதில் பெரும்பகுதி அச்சு நூல்கள். அவற்றின் வேறு பிரதிகள் சென்னையிலோ கொழும்பிலோ லண்டனிலோ இருந்தன, வாங்கலாம், இரந்து பெறலாம். இன்னொரு பகுதி ஓலைச்சுவடிகள், கையெழுத்துப் படிகள், பழைய உள்ளூர்ப் பத்திரிகைக் கோவைகள். அவற்றுள் வேறெங்கும் இல்லாதவை இருந்தன. முதல் வகை வாசிப்புக்கு உரியது. இரண்டாவது வகை காப்புக்கு உரியது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தோம். வைக்க வேறு கூரை எமக்கு இருக்கவில்லை. அரசுகளுக்குத் தேசிய நூலகம் உண்டு, ஆவணக் காப்பகம் உண்டு. அரசில்லாத ஒரு சமூகம் தன் மாநகர நூலகத்தின்மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றியது. ஒரு தீக்குச்சியில் இரண்டும் போயின.

பிறகு நடந்ததும் வரலாறுதான். 1984-இல் ஒரு பகுதி திருத்தித் திறக்கப்பட்டது. 1985-இலேயே அது மீண்டும் தாக்குதலுக்குள்ளானது. யுத்தத்தினூடே அது குண்டு துளைத்த கூடாக நின்றது. 1998-இல் அரசு மீள்கட்டுமானத்தைத் தொடங்கி, ஆளுக்கொரு நூலும் ஒரு செங்கல்லும் என்று தென்னிலங்கையில் இயக்கம் நடத்தியபோது எம்மிடையே கடும் விவாதம் எழுந்தது. சிதைவை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டு, பக்கத்தில் புதிய நூலகம் கட்ட வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். வெள்ளை பூசி மூடுவது குற்றத்தை மூடுவதாகும் என்பது அவர்கள் வாதம். பிள்ளைகள் படிக்க இடமில்லாமல் இருக்கும்போது சிதைவைக் காத்து என்ன பயன் என்றார்கள் மற்றவர்கள். 2003 பெப்ரவரியில் நடக்கவிருந்த திறப்பு விழா விடுதலைப் புலிகளின் எதிர்ப்பால் நின்றுபோய், மாநகர சபை உறுப்பினர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது. இறுதியில் நூலகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று மாணவர்கள் அங்கே இருந்து படிக்கிறார்கள்.

அந்த விவாதத்தை இன்று திரும்பிப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. இரு தரப்பும் முகப்பைப் பற்றியே பேசின. எரிந்த முகப்பை வைத்திருப்பதா, வெண்முகப்பை மீட்பதா? உள்ளே எத்தனை மேசை, யாருக்கு, எந்த வேலைக்கு என்ற பேச்சு மிகக் குறைவாகவே கேட்டது. இழப்பின் பெருமை அப்படி. அது எம் கண்ணை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இனி நாம் வந்து சேர்ந்த நாடுகளுக்கு வருவோம். எண்பதுகளில் பாரிசுக்கு வந்த எம்மவர்க்குப் பொம்பிடு மையத்தின் பொது நூலகம் தெரிந்த இடம். 1977-இல் திறக்கப்பட்ட அதில் ஏறத்தாழ 2,000 இருக்கைகள். அட்டை கேட்பதில்லை, விசா கேட்பதில்லை, இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். நூலை வீட்டுக்குத் தரமாட்டார்கள், ஆனால் வந்திருந்து எதையும் படிக்கலாம், தனியே மொழி பழகவும் வசதி உண்டு. அகதிக்கு அறையில் மேசை இருப்பதில்லை. ஆறு பேர் படுக்கும் அறையில் ஒருவன் எங்கே புத்தகத்தை விரிப்பான்? சூடேற்றிய மண்டபமும் வெளிச்சமும் ஒரு கதிரையும் எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2025-இல் புதுப்பிக்கும் வேலைக்காக அந்த மையம் மூடப்பட்டபோது நூலகம் நகரின் வேறொரு பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

லண்டனின் டவர் ஹாம்லெற்ஸ் மாநகராட்சி, நூலகத்துக்கு வராதவர்கள் ஏன் வருவதில்லை என்று தொண்ணூறுகளின் இறுதியில் அவர்களிடமே கேட்டது. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் இருந்தால் வருவோம், நேரம் நீண்டால் வருவோம் என்று பதில் வந்தது. 2002-இல் போ என்ற இடத்திலும் 2005-இல் வைற்சப்பலிலும் சந்தைத் தெருவையொட்டி, வளர்ந்தோர் வகுப்பறையும் நூலகமும் கலந்த கட்டடங்கள் எழுந்தன. நூலகம் என்ற பெயரையே எடுத்துவிட்டு அதை 'ஐடியா ஸ்ரோர்' என்றார்கள். பெயரை எடுத்ததிலும் பழைய சிறு கிளைகளை மூடியதிலும் மனவருத்தம் கொண்டோர் பலர். அந்த வருத்தத்திலும் நியாயம் உண்டு.

ரொறன்ரோவின் மேற்கே, குடிவந்தோர் செறிந்து வாழும் ரெக்ஸ்டேல் பகுதியில் அல்பியன் நூலகத்தைப் புதுப்பிக்கத் திட்டமிட்டபோது, இரண்டு ஆண்டுகள் மூடினால் எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று மக்கள் கேட்டார்கள். திட்டம் மாற்றப்பட்டது. பழையதை மூடாமல், பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில் புதியதைக் கட்டி 2017-இல் திறந்தார்கள். சிதைவுக்குப் பக்கத்தில் புதியது என்று யாழ்ப்பாணத்தில் நாம் பேசியதும் ஏறக்குறைய இதே வரைபடம்தான். அங்கே காரணம் நினைவு. இங்கே காரணம் நாளைக் காலை பாடசாலை விட்டு வரும் பிள்ளை.

வடக்கே போனால் மாற்றம் இன்னும் துணிவானது. ஒஸ்லோவின் ரொய்யன் பகுதியில் 2016-இல் திறந்த ஒரு நூலகத்துக்குள் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளே போகலாம். பெற்றோர் வாசலோடு நின்றுவிட வேண்டும். உள்ளே பழைய லொறி ஒன்று சமையலறையாக நிற்கிறது. 2018 டிசம்பரில் ஹெல்சிங்கியில் திறந்த ஓடி நூலகத்தில் கீழ்த்தளம் சந்திப்புக்கு, நடுத்தளம் தையல் இயந்திரம் முதலான கருவிகளோடு செய்து பழக, மேல்தளம் வாசிப்புக்கு. நூல்கள் சுமார் ஒரு லட்சம்தான். 1981-இல் நாம் இழந்த தொகைக்கு ஏறத்தாழச் சமம். இடத்தின் பெரும்பகுதி மனிதருக்கு. 2020-இல் திறந்த ஒஸ்லோவின் புதிய டைக்மன் நூலகமும் இதே வழிதான். பொது நூலகம் சந்திப்பதற்கும் விவாதிப்பதற்குமான சுதந்திரமான இடம் என்பதை நோர்வே 2014 முதல் தன் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. சத்தம் மீண்டும் குற்றமல்லாமல் ஆகியிருக்கிறது. வாசிகசாலையின் நீண்ட மேசை, மின்செருகியோடு, திரும்பி வந்திருக்கிறது என்றும் சொல்லலாம்.

இதைப் பார்த்து வியப்பதோடு நின்றால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். ஓடி நூலகம் தன் தட்டுகளைக் குறைக்கத் துணிந்தது ஏன்? அங்கே தட்டிலிருந்து எடுத்த நூல் அழிந்துவிடுவதில்லை. நகரின் மற்றக் கிளைகளில் இருக்கும். பின்லாந்தில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சட்டப்படி தேசிய நூலகத்துக்குப் போய்விடும். வேறோரிடத்தில் காப்பு உறுதியாக இருப்பதனால்தான் இங்கே வாசிப்புக்கு இவ்வளவு இடம் விட முடிகிறது. பூட்டு ஒழிந்துவிடவில்லை. அது இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

எமது நிலை இதற்கு மறுதலை. எமது ஊர்ச் சங்கங்களிலும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளிலும் 'நூலகம்' என்று இருப்பது பல இடங்களில் கண்ணாடி போட்ட ஓர் அலுமாரி. உள்ளே எங்கும் கிடைக்கும் நாவல்கள், பாடநூல்கள், மலர்கள். சாவி ஒருவரிடம். அவர் வராத சனிக்கிழமையில் அலுமாரி திறப்பதில்லை. புத்தகம் தொலைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். எரிந்த நூலகத்தின் பிள்ளைகள் அல்லவா, அந்த அச்சம் எமக்குள் ஊறியது. ஆனால் கடையில் வாங்கக்கூடிய நூலை ஏடு போலப் பூட்டி வைக்கிறோம். உண்மையில் ஏடு போன்றவற்றை வீட்டு நிலக்கீழறையில் ஈரத்தில் விடுகிறோம். ஜேர்மனியில் தூண்டில், நோர்வேயில் சுவடுகள், சுவிசில் மனிதம், கனடாவில் தாயகம் என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் சொந்தக் காசில் நடத்திய இதழ்கள் எத்தனை பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன? ஒரு வாசகர் காலமானால், தமிழ் தெரியாத பேரப்பிள்ளைகள் வீட்டை ஒதுக்கும்போது, அவை பழைய கடதாசியோடு போய்விடுகின்றன.

பூட்ட வேண்டியதைத் திறந்து விட்டோம். திறக்க வேண்டியதைப் பூட்டினோம்.

இரண்டு வேலைகளையும் பிரித்துக்கொண்டால் இரண்டும் இலகுவாகும். காப்பு என்பதற்கு எமக்கு இன்று ஒரே நம்பகமான பொருள் பிரதி எடுத்துப் பல இடங்களில் பரப்பி வைத்தல். ஒரு கூரையை நம்பக்கூடாது என்பதை 1981 கற்றுத் தந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி யாரும் இலவசமாக வாசிக்க வைக்கும் 'நூலகம்' முயற்சி 2005-இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்டு வளர்ந்து நிற்கிறது. மேற்சொன்ன வகை இதழ்கள் பலவும் அங்கே சேர்ந்திருக்கின்றன. உங்கள் நிலக்கீழறைப் பெட்டி அங்கே போய்ச் சேர்ந்தால் அதன் பிறகு அது எரியாது.

வாசிப்புக்கோ புதுக் கட்டடம் வேண்டியதில்லை. நோர்வேயில் குடிவந்தோர் மொழி நூல்களை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பும் பன்மொழி நூலகம் தொண்ணூறுகளில் டைக்மனில் தொடங்கி, 2017 முதல் தேசிய நூலகத்தின் பொறுப்பில் இயங்குகிறது. ரொறன்ரோவின் பொது நூலகக் கிளைகள் சிலவற்றில் தமிழ்த் தட்டுகள் உண்டு. எடுப்பார் இல்லாத தட்டை நூலகம் நாளடைவில் சுருக்கிவிடும் என்பது எங்கும் உள்ள விதி. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் சனிக்கிழமையில் ஒரு மேசையைக் கேட்டுப் பெறலாம். மூத்தவர் ஒருவர் உரத்து வாசிக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை பக்கத்தில் இருக்கலாம். எந்த ஊர், எந்தப் பகுதி என்று எவரும் கேட்காத மேசையாக அது இருக்க வேண்டும். அந்தப் பழைய பூட்டை நாம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தோம் என்பதும் எமக்குத் தெரியும்.

யாழ்ப்பாண நூலகத்துக்கு ஒரு வீட்டில் இரவல் கொடுத்த நூல்கள் வித்தாயின. கட்டடம் வர இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. எமக்கும் இன்று முதலில் வேண்டியது கட்டடமல்ல. அலுமாரியின் கதவைக் கழற்றுவதற்கு ஒரு திருகாணிச் சாவி போதும்.